ஜப்தி செய்த சைக்கிளும் சரிசெய்த சைக்கிள்களும்

ஆயக்குடி கொய்யாச் சந்தைக்கு விடியற்காலையில் வருகிறவர்கள் என்னைப் பார்த்திருக்கலாம். டெம்போவும் ஆட்டோவும் மொபெட்டும் பெட்டி பெட்டியாகப் பழத்தை இறக்குகிற இடத்தில், கேரியரில் இரண்டு பெட்டியைக் கட்டி, ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் அறுபத்தைந்து வயது ஆள் நான்தான். "பேங்க்ல ஆபீசரா இருந்தவருக்கு ஒரு வண்டி வாங்க முடியலையா?" என்று முதல் வருஷம் காதுபடப் பேசினார்கள். இப்போது, "சார், எங்க மாட்டுக்கொட்டாயில ஒரு பழைய சைக்கிள் கிடக்கு. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?" என்று கேட்கிறார்கள்.

கொய்யாவைப் பற்றி எழுதச் சொல்லித்தான் இதழ் நண்பர்கள் கேட்டார்கள். அது அடுத்த முறை. மண்வெட்டி, அரிவாள் மாதிரி சைக்கிளும் ஒரு பண்ணைக் கருவிதான் என்பது என் கட்சி. அதோடு, எனக்கு அதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேப்பமரத்தடியில் நின்ற சைக்கிள்

1987. வேறொரு மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். பால்காரர் ஒருவர் சைக்கிள் வாங்க எங்களிடம் கடன் வாங்கியிருந்தார். எழுநூறு ரூபாய்க்கும் குறைவான தொகை. ஊரில் பாலை வாங்கி, இரண்டு கேனில் ஊற்றி, எட்டு கிலோமீட்டர் மிதித்து டவுனில் வீடு வீடாக ஊற்றுவார். அந்த வருஷம் மழை பொய்த்தது. தீவனம் இல்லை, மாடுகள் வற்றின. தவணை நின்றுபோனது.

மார்ச் மாத வசூல் நெருக்கடியில் நான்தான் நேரில் போனேன். சைக்கிள் வங்கிக்கு ஈடு. எடுத்துவர எனக்கு அதிகாரம் இருந்தது. எடுத்து வந்தேன். அவர் சண்டை போடவில்லை. கேன் இரண்டையும் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, "நாளைக்குப் பால் எப்படி சார் ஊத்துறது?" என்று மட்டும் கேட்டார். நான் விதியைச் சொன்னேன்.

கிளைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அந்தச் சைக்கிள் ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தது. ஏலத்தில் நூற்றுப் பத்து ரூபாய்க்குப் போனது. மீதிக் கடன் வரவே இல்லை. வேலை செய்து கட்டக்கூடிய ஒரு மனிதரின் கால்களை எடுத்துக்கொண்டு, "நடந்து வந்து கட்டு" என்று சொன்ன கதை அது. எங்கள் பேரேட்டில் அது ஒரே ஒரு வரி. எனக்கு அப்படி இல்லை.

அயனாவரத்தில் படித்த பாடம்

பிறகு சென்னையில் பதினோரு வருஷம். வில்லிவாக்கத்தில் வீடு, பாரிமுனையில் அலுவலகம். பஸ்ஸில் தொங்கிப் பார்த்து, ஒருநாள் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி மிதிக்க ஆரம்பித்தேன். அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாகப் போய்ச் சேர ஐம்பது நிமிஷம். பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கும். அலுவலக வாசலில் காவலாளி, "ஆபீசர் சைக்கிளைப் பின்னாடி வெச்சா நல்லா இருக்கும் சார்" என்பார். வைத்தேன்.

அயனாவரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை போட்டிருந்த பாய்தான் என் வாத்தியார். ஒருநாள் பின்சக்கரம் ஆடுகிறது என்று நிறுத்தினேன். "நான் சரி பண்ணினா நாளைக்கும் என்கிட்ட வருவீங்க. நீங்களே கழட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்று முதல் சனிக்கிழமை மத்தியானம் அவருடைய மரத்தடியில் உட்கார்ந்தேன். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, கோன் இறுக்குவது, முழு ஓவராயில் எல்லாம் அங்கே கற்றதுதான். எத்தனை கம்பி என்று எண்ணச் சொல்லி, பதில் சொன்ன பிறகு காரணமும் கேட்பார். பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஆளும் மூட்டையும் பின்சக்கரத்தின் மேல்தான் உட்காருகின்றன. அந்த எட்டுக் கம்பி வித்தியாசத்தில் இந்தச் சைக்கிளின் நோக்கமே இருக்கிறது. இது சுமை தூக்கப் பிறந்த வண்டி.

கிலோ கணக்கில் ஒரு வண்டி

ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கருக்கு வந்தது 2019இல். மண்ணைச் சரிசெய்ய மூன்று வருஷம் பிடித்தது. அந்த நாட்களில் ஒரு பழைய இரும்புக் கடையில் தராசின் மேல் ஒரு சைக்கிள் படுத்திருந்ததைப் பார்த்தேன். கழுத்தில் ஹெர்குலிஸ் வில்லை. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. 21 கிலோ, கிலோ முப்பத்தைந்து. 735 ரூபாய் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். என் மனைவி, "கொய்யாவுக்கே ஆள் கிடைக்கல, இதுக்கு யாரு?" என்றார்.

சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகு ஒரு மணி நேரம் என்று ஒன்பது நாளில் முடிந்தது. வங்கிக்காரன் என்பதால் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். டயர், டியூப், செயின், பால்ரஸ் குண்டுகள், கோன், பிரேக் கட்டை, பெடல் எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய். பெயின்ட் அடிக்கவில்லை. துருவை எடுத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட்டதோடு சரி.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதல் வேலை ஃபிரேமைப் பார்ப்பது. துணியால் துடைத்துவிட்டு, ஹேண்டில்பார் இறங்கும் கழுத்துப் பகுதியையும், பெடல் அச்சு இருக்கும் பகுதியையும் வெயிலில் வைத்து உற்றுப் பாருங்கள். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

துருப்பிடித்த நட்டை அவசரப்பட்டுத் திருகாதீர்கள். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். சின்னச் சின்ன உதிரிகளைப் புளிக்கரைசலில் போட்டு வைத்தால் மறுநாள் தேங்காய் நாரால் தேய்க்கத் துரு கழன்று வரும். தேமோர்க் கரைசலுக்கு வைத்திருந்த புளித்த மோரில் போட்டும் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டே நாளில் மறுபடி துரு ஏறிவிடும்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை. இதை மறந்து ஒருநாள் முழு பலத்தையும் போட்டு இறுக்கிக்கொண்டே இருந்தேன். மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கோட்டர் பின்னை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டை முனை மட்டம் வரை விட்டு, அதன் மேல் மரக்கட்டையை வைத்து அடிக்க வேண்டும்.

குண்டுகளை மாற்றும்போது பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பின்சக்கரத்துக்கு 1/4 அங்குலம். பிரேக் கட்டையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். "இன்னும் தேயலையே" என்று பழைய கட்டையை விட்டு வைத்தேன். ரப்பர் கல்லாகிப் போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. மழை ஈரத்தில் ஒரு சரிவில் பிரேக் பிடிக்காமல் வாய்க்கால் கரையில் போய் விழுந்தேன். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

திறக்க முடிகிற பொருள்

ஹரியானாவின் சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ், ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஓடிய சைக்கிள். அதன் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று நின்றுபோனது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம். ஆனால் என்னிடம் வந்த அட்லஸ் சைக்கிளுக்குச் செயினும் குண்டும் டயரும் பழனியில் ஒரே கடையில் கிடைத்தன. இந்த ரகப் பெரிய சைக்கிள்களில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் டயர் 28க்கு 1½தான். கம்பெனி போனாலும் வண்டி சாகாது.

நாட்டு விதையை நாம் எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய சைக்கிளும் அப்படித்தான். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தியல் இருந்தால் மொத்தத்தையும் திறந்து மூடலாம். அதற்குள் நமக்குத் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை.

விரிசல் விட்ட ஃபிரேமுக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்து விவசாயி கோபால் பிசே, பழைய சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் வைத்துக் களைக்கருவி செய்தவர். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு நானும் ஒன்று செய்தேன். முன்சக்கரம், ஃபோர்க், ஹேண்டில்பார் மூன்றையும் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் பற்றவைத்து, அதில் பட்டைக் கத்தியைப் போல்ட் போட்டு மாட்டினால் போதும். நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம். வரிசையாகப் போட்ட உளுந்து, நிலக்கடலை, காய்கறிக்கு நல்லது. விதைத்த பதினைந்து இருபது நாளில், களை சின்னதாக, மண் புட்டுப் பதத்தில் இருக்கும்போது ஓட்ட வேண்டும். முற்றிய கோரைக்கு இது பயன்படாது. அதற்குக் கைதான்.

பார் வைத்த வண்டிதான் வேண்டும்

இதுவரை ஏழு சைக்கிள் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு, அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள். படிப்பு முடிந்ததும் சுவரில் சாய்ந்து நின்றவை. என் விதி இரண்டுதான். வாங்குகிறவர் மூன்று சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து கழற்றி மாட்ட வேண்டும். உதிரிபாகச் செலவை மட்டும் தவணையில் தர வேண்டும், வட்டி கிடையாது.

தோப்பு வேலைக்குத் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து வரும் ஒரு அம்மாவுக்கு, பெண்கள் ஓட்டும் வண்டியாக ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "லேடீஸ் சைக்கிள் வேண்டாம் சார். பார் வெச்சதே குடுங்க. புல்லுக்கட்டு நிக்கும், பேத்தியும் உக்காந்துக்குவா."

எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகப் பலர் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள் என்பதும் அவர் குறித்ததுதான். முப்பது வருஷம் கழித்து, எங்கள் ஊர் அம்மாவும் அதே காரணத்தைச் சொன்னார். ஒரு கருவி எதற்கு என்று அதை உபயோகிப்பவருக்குத்தான் தெரியும்.

அவர் மூன்று தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு இரண்டு மாதம் வரவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டேன். கை பழைய பழக்கத்தில் தானாகப் போட்டது. மூன்றாவது மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன கேட்கப் போனேன் என்று உண்மையாகச் சொல்வதென்றால், சைக்கிளைத் திருப்பிக் கேட்கத்தான். உபயோகம் இல்லாமல் கிடந்தால் வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

வாசலில் சைக்கிள் நின்றது. துடைத்து வைத்திருந்தார். செயினில் எண்ணெய் பளபளத்தது. தொடர் மழையில் தோப்பு வேலை இல்லை, அதோடு மகனுக்குக் காய்ச்சல். என்னைப் பார்த்ததும் அவருடைய கை முதலில் ஹேண்டில்பாரைப் பிடித்தது. அப்புறம்தான், "வாங்க சார்" என்றார்.

அந்தப் பிடியை நான் 1987இல் பார்த்திருக்கிறேன். கேனைக் கழற்றுவதற்கு முன்னால் பால்காரரும் அப்படித்தான் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்பிரேக் எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தேன்மா" என்றேன். பார்த்தேன். கொஞ்சம் இறுக்கினேன். கிளம்பும்போது, மழை விட்டதும் பணம் தருவதாக அவரே சொன்னார். தந்தார். தராமல் இருந்திருந்தாலும் நான் திரும்பப் போயிருக்க மாட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. எனக்கு நினைவிருக்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

கடன் கொடுக்கிற இடத்தில் நம் உழவர்களும் இன்றைக்கு இருக்கிறார்கள். சுய உதவிக் குழுவில், உற்பத்தியாளர் கம்பெனியில், விதை வங்கியில். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தவணை தவறினால் நோட்டைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒருவர் சம்பாதிக்கும் கருவியில் கை வைக்காதீர்கள். மாடோ, தையல் மெஷினோ, சைக்கிளோ, அது போனால் கடனும் சேர்ந்து போய்விடும்.

உங்கள் கொட்டாயிலும் சுவரில் சாய்ந்து ஒரு சைக்கிள் நிற்கும். தராசுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா, ரிம் அரித்திருக்கிறதா, பெடல் சுற்றுகிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் ஒன்பது சாயங்கால வேலைதான். பிறகு, நம் ஊரில் யார் நடந்தே வேலைக்கு வருகிறார்கள் என்று யோசியுங்கள்.