பால்வாடிக்கு இன்னொரு ஆள்

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில், 1982 ஜூலை 1 அன்று. பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளுக்கும் ஒருவேளைச் சோறு உறுதியானது. படிப்புதான் உறுதியாகவில்லை. லால்குடிப் பக்கம் நடவுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் போகிற தாய்மார்களுக்கு அங்கன்வாடி இன்றும் பிள்ளையைப் பத்திரமாக விட்டுப்போகிற இடம்தான். கொஞ்சம் கையில் காசு புரண்டால், மூன்றரை வயதில் டை கட்டித் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே பல இடங்களில் நடப்பது, விரல் உறுதிப்படாத குழந்தையை நோட்டு நிறைய ஏ, பி, சி, டி எழுத வைப்பது. முதல் வகுப்புக்குத் தேவையானதோ வேறு: சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்பது, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது, தன் முறை வரும்வரை பொறுப்பது. வயலின் மேதை லால்குடி ஜெயராமனைத் தந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரளி வரிசை படியாத கையிடம் யாரும் வர்ணம் கேட்பதில்லை.

அப்படியானால் பால்வாடியே போதுமா என்றால், இப்போதிருக்கிற நிலையில் போதாது. எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, பதிவேடு எழுதுவது, இத்தனைக்கும் பணியாளர் ஒருவர், சமையலுக்கு உதவியாளர். பாட்டுக்கும் கதைக்கும் நேரம் எங்கே? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அந்த நேரத்தை உண்டாக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில், கற்பிப்பதற்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்து, தொடர்ந்து வந்த குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்தியிருந்தார்கள். வியப்பு என்னவென்றால், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. பாடச் சுமை இறங்கியதும், பழைய பணியாளருக்கு உடல்நலப் பணியைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

ஆங்கிலம் வேண்டாமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். வேண்டும்தான், ஆனால் வீட்டு மொழியில் தயங்காமல் பேசப் பழகிய குழந்தைக்கே இரண்டாம் மொழி எளிதாகப் பிடிபடும். செலவு தாங்காது என்பது அடுத்த வாதம். மிகக் கறாராகக் கணக்கிட்டாலும், கூடுதல் பணியாளருக்கு ஆகும் செலவைவிடப் பலன் பன்மடங்கு என்கிறது அதே ஆய்வு. சிக்கல் பணத்தில் இல்லை, நிலைத்து நிற்பதில் இருக்கிறது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, 2022 ஜூனில் அதை நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. அப்படி ஊசலாடினால் எந்தப் பெற்றோர் நம்பி அனுப்புவார்? அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் சாலை, குடிநீரோடு, உங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கற்பிக்க ஒரு ஆளையும் கேளுங்கள்.