முழங்காலுக்கு ஓய்வு மருந்தன்று

50 வயதைக் கடந்தவர்கள் வாழும் வீடுகளில் முழங்கால் வலி பற்றிய பேச்சு எழாத நாள் அரிது. மாடிப்படி ஏற இயலவில்லை. ஸஜ்தாவிலிருந்து எழப் பிறர் கை கொடுக்க வேண்டியுள்ளது. "உம்மா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அந்த அன்பே முழங்காலுக்குப் பகையாகிவிடுவதை அவர்கள் அறிவதில்லை.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டினுள் ஊறும் வழவழப்பான நீரிலிருந்தே அது பெருமளவு ஊட்டம் பெறுகிறது. கால் அசையும்போதுதான் அந்நீர் நன்கு பரவும். முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசையோ, படுத்தே இருந்தால் மெலிந்துபோகும். அப்போது மூட்டின் மீது சுமை கூடும், வலியும் மிகும்.

தேய்ந்ததை உடற்பயிற்சி மீண்டும் வளர்க்காது. எனினும் வலியைத் தணித்து, நடமாடும் ஆற்றலைக் கூட்டும். மருத்துவரிடம் காட்டியபின் இவற்றைத் தொடங்கலாம்:

1. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்துக. 5 விநாடிகள் நிறுத்தித் தளர்த்துக.

2. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, மெல்ல இறக்குக.

3. சுவரோரம் நாற்காலியிட்டு, அதில் அமர்ந்து எழுக.

ஒவ்வொன்றையும் 10 முறை செய்யலாம். மூச்சை அடக்கலாகாது. இலேசான வலி தோன்றினால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் நீடித்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாடுக.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே உணவிலும் அளவு தேவை.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நோயுற்றோர் அதைத் தயங்காமல் ஏற்கலாம். ஆனால் அச்சலுகை தொழுகைக்குரியது. நாள் முழுவதும் முடங்கியிருப்பதற்கு அன்று.

உம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கும் பிள்ளைகளே, மாலைப் பொழுதில் அவர்களின் கையைப் பிடித்துச் சிறிது தூரம் நடத்தியும் செல்லுங்கள். தைலத்தினும் அது நீடித்த நன்மை தரும்.