குற்றாலப் பாறைக்கு அடியில் புகையைப் புதைக்க முடியுமா?

தென்காசிப் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தெரியும்: கொஞ்சம் மண், அப்புறம் முழுக்கப் பாறை. வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். பக்கத்துத் தோட்டத்தில் ஊறுவது நம் தோட்டத்தில் ஊறுவதில்லை. கரியமில வாயுவை நிலத்தடியில் நிரந்தரமாக அடைத்துவைக்க இடம் தேடுபவர்களும் முதலில் பார்ப்பது பாறையைத்தான்.

தேவை பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 1,050 மெகாவாட். அருகிலுள்ள என்டிபிஎல் அனல்மின் நிலையத்தினுடையது 1,000 மெகாவாட். அங்கே ஓர் அல்கலி ஆலை, கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் தயாரிக்கும் திட்டத்தை 2016-இல் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் மின் நிலையங்களின் புகைக்கு முன் அது மிகச் சிறிய அளவு. மீதியைப் பூமிக்குள்தான் அனுப்ப வேண்டும்.

அதற்கு ஆழம் சுமார் 800 மீட்டருக்கு மேல் வேண்டும். தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் ஒரு டன் வாயு, அந்த ஆழத்தின் அழுத்தத்தில் ஏறக்குறைய 2 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். அதை ஏற்க நுண்துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டும். அதிலுள்ள நீர் குடிக்க உதவாத உப்புநீராக இருக்க வேண்டும். மேலே வாயுவைக் கசிய விடாத களிப்பாறை மூடியிருக்க வேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் கடலடி மணற்கல்லுக்குள் 1996 முதல் இப்படித்தான் செலுத்துகிறார்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004-இல் தொடங்கிய பணி, மூடுபாறையின் உறுதியில் ஐயம் எழுந்ததால் 2011-இல் நின்றது.

குற்றால மலையும் அடிவாரமும் சார்னோக்கைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறைகள். அவற்றில் நுண்துளைகள் இல்லை; வெடிப்புகளை நம்பி வாயுவைச் செலுத்தினால், அதே வெடிப்புகள்தான் கிணற்று நீருக்கும் வழி. ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் செலுத்திய வாயுவில் 95 சதவீதம் இரண்டே ஆண்டுகளில் கல்லானது உண்மை. அது துளைகள் நிறைந்த, வேதிவினை வேகமாக நடக்கும் பசால்ட். நம் பாறை அப்படிப்பட்டதல்ல.

தமிழகத்தில் ஆராயத் தகுந்தது காவிரிப் படுகை. அங்கே படிவப் பாறைகள் கிலோமீட்டர் கணக்கில் தடிமன். ஆனால் எண்ணெய்க்காகப் பல்லாண்டுகளாகத் துளையிட்ட கிணறுகளும் அங்கேதான் உள்ளன. சரியாக அடைக்காத ஒரு பழைய கிணறு போதும், அடைத்த வாயு மேலேற. இப்படியொரு திட்டம் டெல்டாவுக்கு வந்தால், பழைய கிணறு ஒவ்வொன்றின் நிலையையும் மூடுபாறைச் சோதனை முடிவையும் ஊர்மக்கள் முன் வைத்த பிறகே அனுமதி தர வேண்டும்.