தக்காளி விதைக்கு ஒரு பூட்டு

பாலக்கோட்டுப் பக்கம் விளைந்த தக்காளி ஒன்றை நறுக்கி, விதை ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். நழுவி ஓடும். ஒவ்வொரு விதையையும் கண்ணாடிபோல ஒரு கூழ்ப்பை போர்த்தியிருக்கிறது. விதையின் பூட்டு அதுதான்.

யோசித்தால் வியப்பாக இருக்கும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். தருமபுரி வெயிலின் கதகதப்பும் உண்டு. ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறு மறுநாளே முளைவிடுகிறது. வாரக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் தக்காளி விதை ஏன் முளைப்பதில்லை?

காரணம் இரண்டு. உப்புப் போட்டதும் மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதே, அதுபோல் கூழில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும் தண்ணீரைத் தம் பக்கம் பிடித்துவைக்கின்றன. முளைக்கத் தேவையான அளவு விதைக்குக் கிடைப்பதில்லை. கூடவே அப்சிசிக் அமிலம், அதாவது முளைப்பை அடக்கிவைக்கும் தாவர ஹார்மோன். இதைப் போதிய அளவு உண்டாக்க முடியாத தக்காளிச் செடிகள் உண்டு. அவற்றின் விதைகள் பழத்துக்குள்ளேயே முளைத்துவிடுகின்றன! நம் வீட்டிலும் நாள்பட்ட பழத்தை வெட்டினால் சில நேரம் வெள்ளை முளைகள் புழுப்போல நெளிந்து கிடக்கும். பூட்டு தளர்ந்துவிட்டது.

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு டம்ளர் போதும். நன்கு கனிந்த பழத்தின் விதைக்கூழைப் பிழிந்து, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். மேலே வெள்ளை ஆடை படரும், புளித்த வாடை வரும். இட்லி மாவைப் பொங்கவைப்பதுபோல் இங்கும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. கூழைத் தின்று கரைக்கின்றன. அதற்குமேல் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும். தண்ணீர் ஊற்றி அலசினால் திரண்ட விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த விதையை வெளிச்சத்தில் பிடித்தால் உடம்பெல்லாம் பட்டுப்போல மெல்லிய ரோமம். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள்!

அடுத்த வியப்பு பூவில். மகரந்தப் பைகள் ஒட்டிச் சேர்ந்து, மஞ்சள் கூம்பாகச் சூல்முடியை மூடிக்கொள்கின்றன. காற்றில் பூ ஆடினாலே போதும், தன் மகரந்தம் தன்மேலேயே உதிரும். கருவண்டு வந்தால் இன்னும் நல்லது. பூவைக் கவ்விக்கொண்டு சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிட்டு, சல்லடையில் மாவு சலிப்பதுபோல் மகரந்தத்தைக் கொட்டவைக்கும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெரும்பாலும் அயல் மகரந்தம் கலக்காததால் நாட்டுத் தக்காளியின் பிள்ளை தாயைப்போலவே காய்க்கிறது. பெரியகுளத்தில் ‘அண்ணஞ்சி’ என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 ரகமும் அப்படித்தான். ரசத்துக்கு நாட்டுப் பழத்தின் புளிப்புக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

சந்தைக்கு வரும் பழங்களில் வீரிய ஒட்டு ரகங்கள் ஏராளம். இரு வேறு பெற்றோரைக் கலந்து பிறந்தவை. அவற்றின் விதையும் முளைக்கும். ஆனால் தாத்தா பாட்டிகளின் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளிவரும். ஒரே பழத்தின் விதைகளைத் தொட்டியில் போட்டால், ஒரு செடியில் உருண்டை, பக்கத்துச் செடியில் நீளம், மூன்றாவதில் கோலிக்குண்டு அளவில் கொத்துக்கொத்தாகக்கூடக் காய்க்கலாம்.