அலைச்சலிலும் அளவு வேண்டும்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியுமுன்பே ஏலம் களைகட்டிவிடுகிறது. கூடையும் கையுமாக வரும் பெண்களுக்கு நேரத்தில் சாப்பிட எங்கே ஒழிகிறது? காலையில் வெறும் டீ. மத்தியானம் அகோரப் பசி. தட்டு நிறையச் சோறு! ஆபீசுக்கு ஓடும் உங்கள் கதையும் இதுதானே, சகோதரி?

பசி முற்றிவிட்டால் கைக்கு அளவு தெரியாது. ஆகவே, பசிக்கு முன்பே அளவைத் தீர்மானித்துவிடுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவில், சமைக்காத எடையாகத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்கிறது. நம் டப்பாவிலோ கணக்குத் தலைகீழ்!

டப்பாவில் பாதி இடம் காய்க்கு. மீதியில் சோறும், பருப்போ மீனோ. டப்பா சிறியதாக இருந்தால் அளவும் தானே அடங்கும்.

வெளியில் சாப்பிட நேர்ந்தால்? 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒன்று ஒரு ரூபாய். இட்லியை எண்ணிச் சாப்பிடலாம்; சோற்றை எண்ண முடியுமா? அவசர நாளில் எண்ணக்கூடிய பலகாரமே உத்தமம்.

வீட்டில் எல்லோருக்கும் அளவறிந்து பரிமாறும் கை, தனக்கும் சற்று அளந்து வைத்துக்கொள்ளக் கூடாதா?