வெளிநாட்டு மலை மிதிவண்டிப் பயணம்: இடுக்கி, பாலக்காடு மலைகளில் இறுதிக்கட்டப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்?

பாலக்காடு: நேபாளத்தின் அன்னபூர்ணா மலைச்சுற்று போன்ற பாதைகளில் மலை மிதிவண்டிப் பயணம் மேற்கொள்ள விரும்பும் தென்னிந்தியர்களுக்கு, கேரள–தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் மலைச்சாலைகள் இயற்கையான பயிற்சிக் களமாக விளங்குகின்றன. கால்களுக்கும் பிரேக்குகளுக்கும் தேவையான சோதனையை இம்மலைகள் அளிக்கும். எனினும், உயர்ந்த மலைப்பகுதியில் காத்திருக்கும் முக்கிய ஆபத்துக்கு இங்கு பயிற்சி பெற இயலாது. புறப்படுவதற்கு முந்தைய இரு வாரங்களில் கவனிக்க வேண்டியவை குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

ஏன் இந்த மலைகள்?

கேரளத்தில் மலை மிதிவண்டி விளையாட்டு புதிதன்று. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டி சாம்பியன்ஷிப் போட்டி திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் நடைபெற்றது. நீண்ட ஏற்றப் பயிற்சிக்கு ஆனைமலை, ஏலமலைத் தொடர்கள் ஏற்றவை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி எல்லையான போடிமெட்டு வரை, கொண்டை ஊசி வளைவுகள் வழியே சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணை வழியாக நெல்லியாம்பதி செல்லும் சாலையும் இத்தகையதே.

மலைகளுக்கு இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாய் மற்றொரு வகைச் சோதனையை அளிக்கிறது. அங்கு வீசும் பலத்த காற்றை எதிர்த்துச் சமவெளியில் மிதிப்பது, ஏற்றத்துக்கு நிகரான உழைப்பைக் கோரும்.

இறுதி இரு வாரங்களில் செய்ய வேண்டியது என்ன?

கடைசி நேரத்தில் பயிற்சியை அதிகரிப்பது பலர் செய்யும் தவறு. உடல் வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். எனவே புறப்படுவதற்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் கடைசி நீண்ட பயிற்சியை முடித்துவிட வேண்டும். அதனை அடுத்தடுத்த இரு நாள்களில், பயணத்தில் சுமக்கவுள்ள அதே பையுடன் மேற்கொள்வது பயன் தரும். முதல் நாள் களைப்புடன் இரண்டாம் நாள் ஏறும்போது, உணவு, நீர், இருக்கையின் உயரம் ஆகியவற்றில் உள்ள குறைகள் வெளிப்படும்.

அதன்பின் பயிற்சியின் மொத்த அளவைப் படிப்படியாகப் பாதி அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் வாரத்தில் எத்தனை நாள் மிதிக்கிறோம் என்பதையும், குறுகிய ஏற்றங்களில் காட்டும் தீவிரத்தையும் பெரிதாகக் குறைக்கக் கூடாது என்பதே விளையாட்டு மருத்துவம் கூறும் பொதுவான விதி.

இறக்கமே உண்மையான தேர்வு

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் வட்டு சூடேறி, பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தும் பழக்கத்தை இங்கேயே பெற வேண்டும். தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கடைசிப் பயிற்சிக்கு முன்னரே மாற்றினால், புதியவை படிந்து பிடிப்பதை இங்கேயே உறுதி செய்துகொள்ளலாம்.

இம்மலைகள் கற்பிக்க இயலாதது

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மூணாறு நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அன்னபூர்ணா சுற்றில் உள்ள தோரோங் கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியே. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறையும். வைணவர்கள் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகப் போற்றும் முக்திநாத் இக்கணவாயைக் கடந்து இறங்கும் வழியில், 3,700 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் உயர நோய் ஏற்படலாம். போடிமெட்டில் இளைப்பின்றி ஏறியவர் என்பது இதிலிருந்து காக்காது. மாறாக, உடல்திறன் மிக்கவர்கள் வேகமாக உயரம் ஏறிவிடுவதால் ஆபத்துக்கு உள்ளாவதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு எடுத்தும் செல்ல வேண்டும். தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே ஏறக் கூடாது. தடுமாற்றம், குழப்பம், ஓய்விலும் மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே கீழிறங்க வேண்டும். தடுப்பு மருந்துகளை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளக் கூடாது.

வனப்பகுதியில் எச்சரிக்கை

மறையூர்–உடுமலைப்பேட்டை சாலை சின்னார் வனவிலங்கு சரணாலயம், ஆனைமலை புலிகள் காப்பகம் வழியே செல்கிறது. யானைகள் கடக்கும் இச்சாலையில் விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் மிதிவண்டிப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். சாலையை விட்டு விலகி வனப்பாதைகளில் நுழைய வனத்துறையின் அனுமதி அவசியம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், அதன்பின் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் வகுத்ததையும் மறக்கலாகாது.

புறப்படும் முன்

மிதிவண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, மீண்டும் பொருத்தி, ஒருமுறையேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்ல இயலாது என்பதால், மின்-மிதிவண்டி வைத்திருப்போர் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். நேபாளம் செல்ல இந்தியர்களுக்கு விசா தேவையில்லை; ஆயினும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் செல்ல அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பயணக் காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லுபடியாகும், ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்குமா என்பதையும் முன்னரே படித்து அறிதல் நலம். பயணத் திட்டத்தில் ஓரிரு நாள்களை உபரியாக ஒதுக்கினால், உடல் ஒத்துழைக்காதபோது தயக்கமின்றி நின்று ஓய்வெடுக்கலாம்.