முடிவான உத்தரவை மறுபடியும் திறக்க இயலுமா?

“மனு நிராகரிக்கப்பட்டது; இவ்வுத்தரவு இறுதியானது” என்று ஒரு வரி வந்துவிட்டால், காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தலைவிதியை நொந்துகொள்வது நம் அங்கத்தினர்களில் பலருடைய வழக்கம். வேறொரு சாராரும் உண்டு. பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோய், “தாங்கள் தகுதியற்றவர், பெற்ற தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்துக” என்று கடிதம் கண்டதும், வீட்டிலுள்ள நகையை விற்றுப் பணம் கட்ட ஓடுவோர் அவர்கள். இவ்விரு சாராரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. முடிந்துபோன உத்தரவை யார் திறக்கலாம், எக்காரணத்தால் திறக்கலாம்?

‘இறுதி’ என்ற சொல் மனுதாரரை மட்டும் கட்டுவதன்று. உத்தரவிட்ட அதிகாரியையும் அது கட்டும். எந்த அலுவலகமும் தன் கடிதத்தில் இதைச் சொல்வதில்லை. சௌராஷ்டிர நிலச் சீர்திருத்தச் சட்டத்தையொட்டி எழுந்த ஒரு வழக்கில் 1970-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் இதனைத் தெளிவாக்கியது. தாம் செய்த தீர்மானத்தைத் தாமே மறுஆய்வு செய்யும் அதிகாரம் எவருக்கும் இயல்பாக அமைந்ததன்று. சட்டம் அதனை வெளிப்படையாகவோ, தவிர்க்கவொண்ணாத பொருளாகவோ அளித்திருக்கவேண்டும். சங்கத்தில் அளந்து வரவு வைத்த சேலையை, மறுநாள் அதே குமாஸ்தா தம் அபிப்பிராயம் மாறிவிட்டதென்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியுமா? அதைப் போன்றதே இதுவும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மேற்சொன்ன விதி, விசாரித்து ஒருவருடைய உரிமையைத் தீர்மானிக்கும் உத்தரவுகளுக்கே முழுமையாகப் பொருந்தும். வெறும் நிர்வாக உத்தரவுகளைப் பிறப்பித்தவரே மாற்றவும் ரத்து செய்யவும் 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 21-வது பிரிவில் இடம் தருகிறது. மேலும், தொடர்ந்து வழங்கப்படும் உதவியில் ஒருவர் இன்னும் தகுதியுடையவர்தானா என்று அவ்வப்போது சரிபார்ப்பது பழைய தீர்மானத்தைத் திறப்பதாகாது. அது இனிவரும் காலத்துக்கான புதுத் தீர்மானம். எனவே கடிதம் வந்தால், அது வருங்காலத் தொகையை நிறுத்துகிறதா, அல்லது சென்ற காலத்தையும் தோண்டி வாங்கிய பணத்தைக் கேட்கிறதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அப்படிப்பட்ட காரணங்களுள் எளியது எழுத்துப் பிழை. கூட்டல் தவறு, பெயர் மாறாட்டம், ஒருவருடைய சர்வே எண் மற்றொருவர் பேரில் ஏறியது போன்றவற்றைத் திருத்தலாம். அதே சான்றுகளை மறுபடி எடைபோட்டு வேறு முடிவுக்கு வருவது திருத்தமன்று. வலியது மோசடி. உண்மையை மறைத்துப் பெற்ற தீர்ப்பு தீர்ப்பே அன்று என்று 1993-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. தாமே எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை மறைத்துப் பாகப்பிரிவினைத் தீர்ப்புப் பெற்ற ஒருவரைப் பற்றிய வழக்கு அது. 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் தகுதியற்றோர் பலர் சேர்க்கப்பட்டிருந்தது 2020-இல் தமிழ்நாட்டில் வெளிப்பட்டு, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டதை விவசாய அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

காரணம் எத்துணை வலியதாயினும், உரியவரைக் கேளாமல் திறத்தல் கூடாது. ஒரிசாவில் சர்க்கார் வைத்தியராயிருந்த ஓர் அம்மையார் 1910-இல் பிறந்தவரென்று பதிவாகியிருக்க, சர்க்கார் பிற்பாடு அதனை 1907 என்று மாற்றி, அவரை முன்னதாகவே ஓய்வுபெறச் செய்தது. மாற்றுக்கு ஆதாரமான அறிக்கையைக் காட்டி அவருக்குச் சமாதானம் கூறத் தக்க வாய்ப்பளிக்கவில்லை. நிர்வாக உத்தரவேயாயினும் ஒருவருடைய உரிமையைப் பாதிக்குமானால் அவரைக் கேட்டே செய்யவேண்டும் என்று 1967-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்து, அந்த உத்தரவு செல்லாதென்றது. முதியோர் உதவித்தொகையில் வயதுத் தகராறு எழும்போதெல்லாம் இவ்வழக்கு நினைவுகூரத்தக்கது.

தவறு அதிகாரியுடையது, வாங்கியவர் ஏதும் மறைக்கவில்லை என்றால் என்ன செய்வது? சர்க்கார் ஊழியர் சம்பளத்தைப் பொறுத்தவரை 2014-இல் சுப்ரீம் கோர்ட் சில எல்லைகளை வகுத்தது: கீழ்நிலை ஊழியரிடமிருந்தும், ஓய்வுபெற்றோரிடமிருந்தும், ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவிட்ட பிறகும் மிகைத்தொகையைத் திரும்ப வாங்கலாகாது. இஃது ஊழியருக்குச் சொன்னது. நலத்திட்டப் பயனாளிக்கு அப்படியே பொருந்துமென்று யாரும் உறுதி கூறவேண்டாம். எனினும், ஏழையிடமிருந்து நெடுங்காலத்துக்குப் பின் வசூலிப்பது நியாயமன்று என்னும் அதன் அடிப்படையை மனுவில் எடுத்துக்காட்டலாம். “மிகையாயின் திருப்பித் தருவேன்” என்று கையொப்பமிட்டிருந்தால் நிலை மாறக்கூடும் என்பதை 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டுகிறது. ஆதலால் விண்ணப்பத்தோடு சேர்த்து நீட்டப்படும் தாள்களைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுக.

இனி, நிராகரிக்கப்பட்டவர் நிலை. அவருக்கு முதல் வழி குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு. அது தவறினால், அச்சட்டம் மறுஆய்வுக்கு வகை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். முன்பு எவ்வளவு முயன்றும் கிடைக்காத முக்கியமான புதுச் சான்று இப்போது கிடைத்திருப்பது மறுஆய்வுக்குப் பொதுவாக ஏற்கப்படும் காரணம். மாதாமாதம் வரவேண்டிய தொகையாயின் தாமதம் முற்றிலும் கெடுப்பதில்லை. 1983-இல் உடற்குறைவால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர் 1999-இல்தான் பென்ஷன் கேட்டு ஹைகோர்ட்டுக்குச் சென்றார். மாதந்தோறும் தொடரும் தவறு அது என்பதால் கோரிக்கையை ஏற்கலாமென்றும், ஆனால் நிலுவை மனுவுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கே உரியதென்றும் 2008-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. பதினாறு ஆண்டுகள் வாளாவிருந்ததில் பெரும்பகுதி நிலுவை போயிற்று.

உத்தரவின் நகல் கையில் இல்லாதவர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். காரணம் எழுதப்பட்டிருக்கும் கோப்பின் குறிப்புகளையும் சேர்த்துக் கேட்பது நல்லது. மேல்முறையீட்டுக் காலத்தை உத்தரவிட்ட நாளிலிருந்து எண்ணுவதா, அது கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும்; ஆகையால் கடிதம் வந்த தபால் உறையை, முத்திரைத் தேதி தெரியும்படி, உத்தரவோடு சேர்த்தே வைத்திருக்கவேண்டும்.